இவங்கப்பனும் இப்படித்தான்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை பஸ் கிளம்ப இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அதற்குள் அந்தப் பையன் நான்கு முறை இடம் மாறிவிட்டான். ஜன்னலோரம் வேண்டும் என்றான். கிடைத்ததும் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். டிரைவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு வந்தான். கடைசியில் எனக்கும் அவன் ஆயாவுக்கும் நடுவில் வந்து குந்தி, என் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். ஐந்து வயது இருக்கும்.

"ஒரு எடத்துல குந்த மாட்டான் தம்பி. கால்ல சக்கரம். இவங்கப்பனும் இப்படித்தான்" என்றார் ஆயா. மன்னிப்புக் கேட்கிற குரல். நான் ஒன்றும் சொல்லாததால் மேலே சொன்னார்: "ஏழாம் மாசத்துலயே வந்துட்டான். பெரியாஸ்பத்திரியில கண்ணாடிப் பொட்டியில வெச்சிருந்து குடுத்தாங்க."

முன் இருக்கைக்காரர் திரும்பினார். "முட்டாய், பிஸ்கோத்து குடுக்காதீங்க ஆயா. சக்கர ஏறுனா பசங்க இப்படித்தான் ஆடும்." பக்கத்து வரிசைப் பெண்மணிக்கு வேறு கருத்து. "நாலு சாத்து சாத்தி வளத்தா தானா சரியாப் போவும். அப்பன் ஆத்தா கூட இல்லாத புள்ள வேற." பையனின் அப்பா, அம்மா குடகில் காப்பிக் காட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வண்டி கிளம்புவதற்குள் நான்கு கருதுகோள்கள் வந்து விழுந்துவிட்டன: பரம்பரை, பிறப்பு, தீனி, வளர்ப்பு. குழந்தை மனநல ஆய்வாளர்கள் நூறு ஆண்டுகளாக மோதிக்கொண்டிருப்பதும் இந்த நான்கோடுதான். நம் ஊரில் இவை நான்கும் ஒரே கேள்வியில் போய் முடியும்: யார் தப்பு? ஆய்வாளர்கள் கேட்பது கொஞ்சம் வேறு: இப்படிப்பட்ட நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு வருகிறது? இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பல வீடுகளில் சண்டை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பையனுக்கு ஏடிஎச்டி இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பஸ்ஸில் இருபது நிமிடம் பார்த்து அதைச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த இந்த வளர்ச்சிக் குறைபாட்டுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, கவனக்குறைவுக்கு ஒன்பது அடையாளங்களையும் துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் ஒன்பது அடையாளங்களையும் தருகிறது. ஏதாவது ஒரு ஒன்பதில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். அந்த வயதுக்குரிய சேட்டையைத் தாண்டி, பிள்ளையின் அன்றாடத்தையே கெடுக்க வேண்டும். வீட்டில் வாலாகவும் பள்ளியில் சாதுவாகவும் இருக்கிற பிள்ளை இந்தக் கணக்கில் வராது.

உலக அளவில் நூறு குழந்தைகளில் சுமார் ஐந்து பேருக்கு இது இருப்பதாகக் கணிக்கிறார்கள். கோயம்புத்தூரில் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையிலான 770 பிள்ளைகளிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில் 11.32 விழுக்காடு என்று வந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பையன்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் நடுத்தரக் குடும்பத்தைவிட இரு மடங்குக்கும் மேல். ஆசிரியரும் பெற்றோரும் நிரப்பித் தருகிற வினாப்பட்டியலை வைத்து எடுக்கிற கணக்கு எப்போதுமே கொஞ்சம் பெருத்துத்தான் வரும். ஆனாலும் ஏழைக் குடும்பத்துக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளி என் மனத்தில் தங்கிவிட்டது.

கச்சிராயபாளையம் வந்தது. கரும்பு அரவைக் காலத்தில் இந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். கழிவுப்பாகின் புளித்த இனிப்பு மூக்கில் ஏறும். மூங்கில்துறைப்பட்டில் ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ள மாவட்டம் இது. முன் இருக்கைக்காரரின் கருதுகோளைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

1994-இல் அமெரிக்காவில் ஹூவர், மிலிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 5 முதல் 7 வயது வரையிலான 35 பையன்களைத் தாய்மாரோடு வரவழைத்தார்கள். "என் பிள்ளைக்குச் சர்க்கரை ஒத்துக்கொள்ளாது, தின்றால் ஆடுவான்" என்று அடித்துச் சொன்ன தாய்மார்கள் அவர்கள். பையன்கள் எல்லோருக்கும் சர்க்கரையே இல்லாத, வெறும் செயற்கை இனிப்பு கலந்த பானத்தைக் கொடுத்தார்கள். பாதித் தாய்மாரிடம் உண்மையைச் சொன்னார்கள். மீதிப் பேரிடம், "உங்கள் பிள்ளைக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். பிறகு தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம் எடுத்தார்கள். சர்க்கரை கொடுத்ததாக நம்பிய தாய்மார்கள் தம் பிள்ளை அதிகமாக ஆடியதாக மதிப்பெண் போட்டார்கள். அது போகட்டும். படத்தில் வேறொன்று தெரிந்தது. அந்தத் தாய்மார்கள் பிள்ளையை ஒட்டியே நின்றார்கள். அதிகமாகக் குறை சொன்னார்கள். ஓயாமல் கண் வைத்திருந்தார்கள். ஆடியது பிள்ளையின் உடம்பில் இல்லாத சர்க்கரை. ஆட்டியது தாயின் மனத்தில் இருந்த சர்க்கரை. அடுத்த ஆண்டே, அதுவரை வந்த கண்மறைப்புச் சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த மார்க் வோல்ரைச் குழுவினர், சர்க்கரைக்கும் குழந்தைகளின் நடத்தைக்கும் தொடர்பு தெரியவில்லை என்று எழுதினார்கள். சொத்தைப் பல்லுக்காக மிட்டாயைக் குறைக்கலாம். துறுதுறுப்புக்காகக் குறைத்துப் பயனில்லை.

அப்புறம், 'இவங்கப்பனும் இப்படித்தான்' என்று ஆயா சொன்னது. அதில் அறிவியல் நிறைய இருக்கிறது.

ஒருகரு இரட்டையரையும் இருகரு இரட்டையரையும் ஒப்பிட்ட 37 ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் ஸ்டீபன் ஃபரோனும் ஹென்ரிக் லார்சனும் எழுதிய கட்டுரையில், ஏடிஎச்டியின் மரபுப் பங்கு சராசரியாக 74 விழுக்காடு என்று வந்தது. கிட்டத்தட்ட உயரத்துக்கு உள்ள அளவு. அப்பா, அம்மா, உடன்பிறந்தார் யாருக்காவது இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது.

இந்த 74-ஐப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். நூறு பிள்ளைகளில் 74 பேருக்குப் பரம்பரையால் வருகிறது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு பிள்ளையின் துறுதுறுப்பில் 74 பங்கு அப்பன் கொடுத்தது என்பதும் இல்லை. மலையில் ஒரே சரிவில் சாமை விதைத்தவரிடம் கேட்டால் எளிதாகச் சொல்வார். ஒரே மண், ஒரே மழை. ஆனாலும் ஒரு கதிர் நெட்டை, ஒரு கதிர் குட்டை. அந்த வேறுபாட்டில் விதைக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் இந்தக் கணக்கு. அதே விதையைக் கல் நிறைந்த இன்னொரு சரிவில் போட்டால் கதிர் மொத்தமும் குட்டையாகிவிடும். அங்கும் விதையின் பங்கு 74 என்றே வரலாம். மரபுப் பங்கு கூடுதலாக இருப்பதால் மண்ணைப் பார்க்க வேண்டாம் என்று ஆகாது.

அந்த விதைக்குள்ளும் ஒரே ஒரு மரபணு இல்லை. 2019-இல் ஏடிஎச்டி உள்ள இருபதாயிரம் பேரின் மரபுத்தொகுதியைத் துழாவியபோது 12 இடங்கள் அகப்பட்டன. 2023-இல் கிட்டத்தட்ட முப்பத்தொன்பதாயிரம் பேரை வைத்துப் பார்த்தபோது 27 ஆயிற்று. இந்த இடங்கள் ஒவ்வொன்றும் வாய்ப்பை ஓர் இம்மி கூட்டுகின்றன, அவ்வளவே. இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்கிறார்கள். அரவைக் காலத்தில் ரோட்டில் போகிற கரும்பு டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் கழி ஏற்றியதால் அச்சு முறிந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. வளைவுக்கு வளைவு காற்று மாறும். பையன் மறுபடி எழுந்து நின்றுகொண்டான். மலையில் ஆடு ஓட்டிக்கொண்டு நாளெல்லாம் அலைகிற வாழ்க்கையில் இந்தச் சக்கரக் கால் ஒரு வரம் இல்லையா என்று தோன்றியது. இதே எண்ணத்தோடு டேன் ஐசன்பெர்க் என்ற மானுடவியலாளர் வட கென்யாவின் அரியால் மக்களிடம் போனார். ஒட்டகமும் ஆடும் மேய்த்து நாடோடியாக வாழ்பவர்கள் அவர்களில் ஒரு பகுதி. ஓரிடத்தில் தங்கிப் பயிர் செய்பவர்கள் இன்னொரு பகுதி. மூளையில் செய்தி கடத்துகிற டோபமினின் ஏற்பி ஒன்றுக்கான ஒரு மரபணு வடிவம், ஏடிஎச்டியோடு முடிச்சுப் போடப்பட்டு வந்த ஒன்று, நாடோடி ஆண்களிடம் இருந்தால் அவர்கள் நல்ல உடம்போடு இருந்தார்கள். ஊன்றி வாழ்ந்த ஆண்களிடம் இருந்தால் இளைத்திருந்தார்கள். 2008-இல் வெளியானது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. அதனாலேயே அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வைத்திருக்கிறேன். சிறிய ஆய்வு. பின்னால் வந்த பெரிய மரபணுத் தேடல்களில் அந்த வடிவம் முன்வரிசைக்கு வரவில்லை. இருந்தாலும் குறை என்பது பிள்ளைக்குள் மட்டும் இல்லை, பிள்ளையை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதிலும் இருக்கிறது என்ற பக்கம் அது நம் முகத்தைத் திருப்பிவிடுகிறது.

ஏழாம் மாதப் பிறப்புக்கு வருவோம். 32 வாரத்துக்கு முன் பிறக்கிற குழந்தைகளுக்கு ஏடிஎச்டி வரும் வாய்ப்பு, நிறைமாதக் குழந்தைகளைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு. கருவின் கடைசி மூன்று மாதத்தில்தான் மூளையின் மேலுறை மடிப்பு மடிப்பாக உருவாகிறது. நரம்பு இழைகளின் மேல் உறை போர்த்துகிற வேலையும் அப்போது தொடங்குகிறது. அந்த வேலையைக் கருப்பைக்கு வெளியே, கண்ணாடிப் பெட்டியின் வெளிச்சத்திலும் இரைச்சலிலும், மூச்சுத்திணறலுக்கும் தொற்றுக்கும் நடுவில் செய்ய வேண்டியிருக்கிறது.

மூன்று மடங்கு என்றால் கேட்கிற எவருக்கும் பகீரென்றிருக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு ஐந்து, பதினைந்து ஆகிறது. மீதி எண்பத்தைந்து குழந்தைகளுக்கு வருவதில்லை. அந்த ஆயாவின் பேரன் எண்பத்தைந்தில் ஒருவனா, பதினைந்தில் ஒருவனா என்று இந்த எண் சொல்லாது. ஆனால் மாவட்டத்தில் எத்தனை குறைமாதப் பிறப்பு, எத்தனை பேர் பதினெட்டு வயதுக்கு முன்பே தாயாகிறார்கள், ரத்தசோகையோடு பிரசவ வார்டுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்க்கிற அதிகாரிக்கு இந்த எண் நிறையச் சொல்லும். மலையிலிருந்து இறங்க எத்தனை வளைவு என்பதும் அந்தக் கணக்கில் சேரும். 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மாவட்டத் தலைநகரத்துக்குப் பக்கம். மேலே இருக்கிற ஊர்களுக்கு அது இன்னும் ஒரு பயணம்.

தாய் என்ன செய்தாள் என்று தோண்டுவதில் ஆய்வாளர்களும் சளைத்தவர்கள் இல்லை. கர்ப்பத்தில் புகைத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி அதிகம் என்று ஆய்வுக்குமேல் ஆய்வு வந்தது. சுவீடனில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவேடுகளைப் புரட்டியவர்கள் 2014-இல் ஒரு நுட்பமான காரியம் செய்தார்கள். ஒரு பிள்ளையைச் சுமந்தபோது புகைத்து, இன்னொரு பிள்ளையைச் சுமந்தபோது புகைக்காத தாய்மாரை மட்டும் எடுத்து, அந்த உடன்பிறந்தார் இருவரையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் ஏறக்குறையக் காணாமல் போயிற்று. புகையை விடமுடியாத அவசர குணமும் பிள்ளையின் துறுதுறுப்பும் ஒரே பரம்பரைச் சரக்கு. புகை அங்கே நின்றிருந்த சாட்சி. பதின்வயதில் தாயானவர்களின் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளிலும் இப்படிப் பரம்பரையால் விளங்குகிற ஒரு பகுதி உண்டு. புகையிலை குறைப்பிரசவத்தையும் எடைக்குறைவையும் உண்டாக்கும் என்பதில் இதனால் ஒரு மாற்றமும் இல்லை. வெற்றிலையோடு போடுகிற புகையிலைக்கும் அது பொருந்தும்.

நாலு சாத்து சாத்தச் சொன்ன பெண்மணிக்கு ரசல் பார்க்லியின் 1979-ஆம் ஆண்டுச் சோதனையைச் சொல்லியிருக்கலாம்; பஸ் சத்தத்தில் முடியவில்லை. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளின் தாய்மார்கள் ஓயாமல் கட்டளை போடுகிறார்கள், சிடுசிடுக்கிறார்கள் என்பது அப்போதே தெரியும். அந்த வளர்ப்பால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று பேசிக்கொண்டார்கள். பார்க்லியும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த கன்னிங்ஹாமும் தாயை விட்டுவிட்டுப் பிள்ளைக்கு மட்டும் மெதில்ஃபெனிடேட் மருந்தைக் கொடுத்தார்கள். பிள்ளை நிதானப்பட்டது, தாயின் கட்டளையும் சிடுசிடுப்பும் தாமாகக் குறைந்தன. அதாவது கோபம் பிள்ளையிலிருந்து தாய்க்குப் போயிருந்தது. ஒருமுறை போனால் அது திரும்பியும் வரும்; அடி வாங்கிய பிள்ளை முரடாகும், முரடான பிள்ளை மேலும் அடி வாங்கும். ஏடிஎச்டியை அடி உண்டாக்குவதில்லை. அதன் மேல் முரட்டுத்தனத்தையும் பள்ளி வெறுப்பையும் ஏற்றிவிடுகிறது.

'அப்பன் ஆத்தா கூட இல்லாத புள்ள' என்பதற்கும் ஒரு விடை இருக்கிறது. 1989 டிசம்பரில் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபோது ருமேனியாவின் அநாதை விடுதிகளில் கட்டிலே உலகமாகக் கிடந்த குழந்தைகளை வெளியுலகம் பார்த்தது. அவர்களில் பிரிட்டனுக்குத் தத்துப் போனவர்களை மைக்கேல் ரட்டரும் பிறகு எட்மண்ட் சோனுகா-பார்க்கும் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் அந்த விடுதிகளில் இருந்தவர்களிடம் ஏடிஎச்டி அடையாளங்கள் இளமைப் பருவத்திலும் மாறாமல் இருந்தன. ஆக, சூழலால் மட்டுமே இது வரவும் வழியுண்டு. ஆனால் அதற்கு எடுத்துக் கொஞ்ச ஒரு கைகூட இல்லாத கொடுமை தேவைப்பட்டிருக்கிறது. ஆயாவின் மடி அந்த விடுதி இல்லை. அப்பா, அம்மா வெளியூரில் இருப்பதன் ஏக்கம் வேறு. அதைத் துறுதுறுப்பு என்று எழுதிவிடக் கூடாது.

கள்ளக்குறிச்சியைப் பற்றி எழுதிவிட்டுச் சாராயத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஒரே தெருவில் வரிசையாகப் பந்தல். அப்பாவை, சில வீடுகளில் அப்பா அம்மா இருவரையுமே இழந்த பிள்ளைகள் அதற்குப் பிறகு வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். கரும்பலகையைப் பார்ப்பார்கள், ஒன்றும் ஏறாது. தூங்க மாட்டார்கள். சின்னச் சத்தத்துக்குத் துள்ளுவார்கள். வினாப்பட்டியலை நிரப்பினால் கவனக்குறைவு என்றே வரும். ஆனால் அது துக்கம். அதற்கு வேறு மருந்து.

மெல்லக் குடிக்கிற வீடுகளின் கதை இன்னும் சிக்கலானது. பெங்களூரு நிம்ஹான்ஸில் விவேக் பெனகலும் அவர் குழுவினரும் பல ஆண்டுகளாகக் குடிநோயாளிகளின் பிள்ளைகளை, இன்னும் ஒரு சொட்டு மதுவும் தொடாத பிள்ளைகளை, ஆராய்ந்து வந்தார்கள். துறுதுறுப்பும் அவசரமும் அடங்காமையும் அந்தப் பிள்ளைகளிடம் கூடுதலாகத் தெரிந்தன. அப்பா குடித்ததால் பிள்ளை இப்படி ஆயிற்றா, அப்பாவின் சிறுவயதுத் துறுதுறுப்புதான் அவரைக் குடிக்குக் கொண்டுபோய் அதே சரக்கு பிள்ளைக்கும் வந்ததா? இரண்டும்தான். 'இவங்கப்பனும் இப்படித்தான்' என்பது பிள்ளையைப் பற்றிய தகவல் மட்டும் இல்லை. சின்ன வயதில் யாரும் கவனிக்காமல் விட்ட ஓர் ஆளைப் பற்றிய தகவலும் அதில் இருக்கலாம்.

பரம்பரையை மாற்ற முடியாது. மாற்றக்கூடிய ஒன்று நம் அடுக்களையிலேயே இருக்கிறது. சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 பிள்ளைகளின் ரத்தத்தில் காரீயத்தை அளந்து 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரி, ஒரு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். ஐந்தைத் தாண்டினாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது இன்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தீங்கில்லாத அளவு என்று ஒன்று இல்லவே இல்லை என்றும் அது சொல்கிறது. ரத்தத்தில் காரீயம் ஏற ஏற, ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கவனக்குறைவு, துறுதுறுப்பு மதிப்பெண்களும் ஏறின. ஈய பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அது நின்ற பிறகு எடுத்த கணக்கு இது. மிச்ச வழிகள் பல: பழைய பேட்டரியை உடைத்து உருக்குகிற இடங்கள், பெயின்ட், பளபளக்க நிறமூட்டிய மஞ்சள்தூள். அப்புறம் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு. நல்ல சொம்பு வெள்ளீயத்தில் வார்த்தது, அதனால் தீங்கில்லை. வெள்ளீயம் விலை கூடிய சரக்கு, காரீயம் மலிவு; இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். காரீயம் கலந்த சொம்பில் புளிக்கரைசல் கொதித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேதியியல் பட்டம் வேண்டாம். கால்சியம் போலவே இருப்பதால் மூளை நரம்புகளுக்குள் காரீயம் சுலபமாக நுழைந்துவிடுகிறது. உடம்பில் இரும்பு குறைந்த பிள்ளையின் குடல் அதைக் கூடுதலாக உறிஞ்சுகிறது.

இரும்புக்குறைவு நம்மிடம் தாராளம். 2019-21-இல் எடுத்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. டோபமின் தயாரிக்கிற நொதி இரும்பு இல்லாமல் வேலை செய்யாது. ஏடிஎச்டி மருந்துகள் தொடுவதும் அதே டோபமினைத்தான். இரும்பு மருந்து கொடுத்தால் ஏடிஎச்டி தீரும் என்று யாரும் விற்றால் நம்பாதீர்கள். ஆனால் சோகை பிடித்த பிள்ளை சிடுசிடுக்கும், தூக்கம் கெடும், பாடத்தில் நிற்காது. ஒரு சுமையையாவது இறக்கிவைக்கலாமே. பூச்சிமருந்தும் இந்த வரிசையில் வரும்: கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் பண்ணைக் கூலித் தாய்மாரைப் பின்தொடர்ந்தவர்கள், கர்ப்ப காலத்தில் ஆர்கனோபாஸ்பேட் மருந்து உடம்பில் கூடுதலாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் கவனப் பிரச்சினை அதிகம் என்று 2010-இல் எழுதினார்கள். மருந்தடித்த கையோடு மண்வெட்டியும் குழந்தையும் தூக்குகிற ஊர் நமது.

கரியாலூரில் பாதி பஸ் இறங்கியது. பையன் அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பு என்றார் ஆயா. பிறந்த தேதி என்ன என்று கேட்டேன். சிரித்தார். "அவன் பொறந்தது ஆஸ்பத்திரியில, அதனால சீட்டு இருக்கு. இவங்கப்பனுக்கு வாத்தியார் போட்டதுதான் தேதி." அந்தத் தலைமுறைக்குத் தலைக்கு மேல் கையைப் போட்டு எதிர்க் காதைத் தொடச் சொன்னார்கள், எட்டினால் வகுப்பில் சேர்த்து, பள்ளி திறக்கிற மாதத்தையொட்டி ஒரு தேதி எழுதிவிடுவார்கள். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலையில் பிறப்புப் பதிவேடு எங்கே?

கேலிக்குரிய அந்தக் காது தொடுதல், இந்தத் துறையின் முக்கியமான ஒரு கண்டுபிடிப்பைத் தொட்டு நிற்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பள்ளிச் சேர்க்கைக்கு டிசம்பர் 31 கெடு. ஒரே வகுப்பில் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் இருக்கும், டிசம்பரில் பிறந்த பிள்ளையும் இருக்கும். நடுவில் பதினோரு மாதம். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2012-இல் வெளியான ஆய்வு, ஜனவரிப் பையன்களைவிட டிசம்பர்ப் பையன்களுக்கு 30 விழுக்காடும் டிசம்பர்ப் பெண்பிள்ளைகளுக்கு 70 விழுக்காடும் அதிகமாக ஏடிஎச்டி என்று எழுதப்பட்டிருப்பதைக் காட்டியது. பிறந்த மாதம் மூளையைக் கெடுக்காது. வகுப்பில் இளைய பிள்ளையை மூத்த பிள்ளையோடு ஒப்பிட்டு, 'இதற்கு என்னவோ கோளாறு' என்று பெரியவர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். ஐந்து வயதில் பதினோரு மாதம் என்பது வாழ்ந்த வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. வாத்தியார் எழுதிய தேதியை நம்பினால் அந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருந்திருக்கும். காதைத் தொடச் சொன்னவர் குறைந்தபட்சம் உடம்பின் முதிர்ச்சியையாவது பார்த்தார்.

மூளையின் முதிர்ச்சியை அளந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் பிலிப் ஷா குழுவினர் ஏடிஎச்டி உள்ள 223 பிள்ளைகளையும் இல்லாத 223 பிள்ளைகளையும் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்து 2007-இல் முடிவு சொன்னார்கள். மூளை மேலுறை உச்சத் தடிப்பை எட்டுவது மற்ற பிள்ளைகளிடம் ஏழரை வயதில். ஏடிஎச்டி உள்ளவர்களிடம் பத்தரை வயதில். வளர்கிற வரிசை மாறவில்லை, மூன்று ஆண்டு தாமதம். எட்டு வயதுப் பையனைத் திட்டுகிறபோது சில விஷயங்களில் நாம் ஐந்து வயதுப் பையனைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை சட்டத்தின் நிலை விசித்திரம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவ வேன் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை, பள்ளிக்கு ஒருமுறை வர வேண்டும்; அதன் முப்பது குறைபாடுகளின் பட்டியலில் ஏடிஎச்டி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஎச்டி இல்லை. கண்டுபிடிக்க ஒரு அரசாணை, கண்டுபிடித்த பிறகு சான்றிதழுக்கு வழியில்லை. இதை யாராவது நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கண்டுபிடிப்பிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: மேசை மேல் ஏறுகிற பையனை எல்லோருக்கும் தெரியும், ஜன்னலைப் பார்த்துக் கனவில் இருக்கிற பெண்பிள்ளையை எந்த டீச்சரும் வேன்காரரிடம் காட்டுவதில்லை. ஏடிஎச்டி என்று எழுதுவதற்கு முன் காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, குறட்டை விட்டுத் தூக்கம் கெடுகிறதா, சில நொடி வெறித்து நிற்கிற வலிப்பு உண்டா என்று பார்ப்பதும் அந்த வேனின் வேலைதான்.

ஆறு வயதுக்குக் கீழே முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, வளர்ப்பவருக்குத் தருகிற பயிற்சி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-இலும் அதையே மறுபடி சொன்னது. ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு வேலை சொல்வது, சுருக்கமாகச் சொல்வது, செய்தால் அந்த இடத்திலேயே மெச்சுவது, கையைச் சும்மா விடாமல் ஏதாவது கொடுப்பது. கேட்க எளிது, தினமும் செய்ய யானை பலம் வேண்டும். கண்டக்டர் இரண்டு முறை முறைத்த பிறகு ஆயா பையனின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். கண்ணைப் பார்த்து, "வளைவு எத்தினி வருது, எண்ணி ஆயாகிட்ட சொல்லு சாமி" என்றார். ஒவ்வொரு வளைவுக்கும் அவன் ஒரு விரலை மடக்கினான். ஆயா ஒவ்வொன்றுக்கும் "ஆங்" என்றார். பத்து விரலும் தீர்ந்ததும் என் விரல்களைக் கடன் வாங்கினான். இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் வெளிநாடுகளில் பத்துப் பன்னிரண்டு வார வகுப்பு நடத்துகிறார்கள்.

வெள்ளிமலை வந்தது. வண்டி நிற்பதற்குள் அவன் படியில் நின்றான்; நின்றதும் குதித்து ஓடினான். ஆயா பையையும் அரிசி மூட்டையையும் இழுத்துக்கொண்டு இறங்கினார். இருக்கைக்கு அடியில் ஒரு ஒற்றைச் செருப்பு கிடந்தது, நீலப் பட்டை, இடது கால். ஜன்னல் வழியாக நீட்டினேன். வாங்கிக்கொண்ட ஆயா, பையன் ஓடிய திசையைப் பார்த்து, "ஒத்தச் செருப்போட எங்கடா ஓடுற, உங்கப்பனாட்டம்" என்று கத்தினார்.